சல்லிசாகக் கிடைத்த பானை

கிழவர் எர்வின் ஒரே ஒரு கிளாஸை எடுத்து, நுரை ததும்ப பீரை ஊற்றி பானை வாங்க வந்த யாஸ்னா பக்கம் நகர்த்தினார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"குடிச்சுப் பாரும்மா. இந்தப் பானையில காய்ச்சினதுதான்."

யாஸ்னா கிளாஸைத் தொடவில்லை. தான் காய்ச்சிய பீரைத் தானே குடிக்காத மனுஷனை அவள் இந்த வால்டிவியா ஊரில் பார்த்ததே இல்லை. எதையாவது கலந்திருப்பாரோ?

"நீங்க குடிக்கலையா ஐயா?"

"இப்பதான் டீ குடிச்சேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் ஏற்கெனவே சூடு பட்டவள். போன மாதம் இணையத்தில் பார்த்து, பார்லி உடைக்கும் கைமில்லுக்குப் பணம் அனுப்பினாள். வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே அரைச் செங்கல். சால்மன் மீன் பண்ணை வேலைக்குப் படகேறும்போது புருஷன் நிபால்டோ சொல்லிவிட்டுத்தான் போனான்: "இந்தத் தடவை சாமானை மட்டும் பாக்காத. ஆளையும் பாரு."

சாமான்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய அலுமினியப் பானை, குழாய் வைத்த ஐஸ் பெட்டி, கைமில், சுருட்டிய செம்புக் குழாய், மூடியோடு இரண்டு வாளி. கடையில் பானை மட்டும் விற்கிற விலைக்கு எல்லாவற்றையும் தருகிறேன் என்கிறார். அதுதான் உதைத்தது.

"ஏன் இவ்வளவு சல்லிசு? திருட்டுச் சாமானா?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"எல்லாம் நானே ஓட்டை போட்டு, நானே குழாய் வச்சது. கடைக்காரன் பளபளன்னு ஸ்டீல் தொட்டியைக் காட்டுவான், மயங்கிடாத. உடைச்ச பார்லியையும் சுடுதண்ணியையும் இந்தப் பெட்டியில கொட்டி மூடினா, சூடு அப்படியே நிக்கும். உள்ள பாரு, குழாய் வாயில கம்பி வலை. உமி அடைக்காது."

"அப்புறம் எதுக்கு விக்கறீங்க?"

அவர் பேச்சை மாற்றினார். "டப்பாவுல விக்கிற பார்லிச் சாறை வாங்கிக் கரைக்கப் போறியா, தானியத்துல இருந்தே ஆரம்பிக்கப் போறியா?" என்று கேட்டார்.

"தானியத்துல இருந்தேதான்."

"அப்படிச் சொல்லு! வீடு லாஸ் அனிமாஸ்லன்னுதானே போன்ல சொன்னே? பாலத்தைத் தாண்டினா நடந்தே வந்துடலாம். உனக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்து இதைவிடக் கூடவே பணம் தரேன்னாங்க. ரெண்டு பேர் வீடும் தூரம். கொடுக்கல."

விற்கிறவருக்கு வாங்குகிறவள் வீடு பக்கமாக இருந்தால் என்ன, தூரமாக இருந்தால் என்ன?

"காய்ச்சறப்போ கூட யாராவது இருப்பாங்களா?" என்று கேட்டார் எர்வின்.

"என் வீட்டுக்காரர் இருப்பாரு. நல்ல வாட்டசாட்டமான ஆளு" என்று ஒரு பொய்யைப் போட்டாள்.

"அவருக்கு பீர் காய்ச்சத் தெரியுமா?"

"குடிக்கத்தான் தெரியும்."

"நல்லது, நல்லது" என்றபோது கிழவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எர்வின்! கையில என்ன அது?"

அவர் இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு நேராக விரித்துக் காட்டினார். "ஒண்ணுமில்ல ஹில்டா! சாமான் வாங்க வந்தவங்க!" பிறகு யாஸ்னாவிடம் குரலைத் தாழ்த்தினார். "நானே வண்டியில கொண்டுவந்து இறக்கிடறேன். முகவரியை மட்டும் குடு."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இந்த விலைக்கு இன்னொரு பானை எங்கே கிடைக்கும்? பணத்தைக் கொடுத்தாள். முகவரியையும் கொடுத்தாள்.

மறுநாள் மழையோடு மழையாக வந்து எல்லாவற்றையும் இறக்கினார். இறக்கியவர் கிளம்ப வேண்டியதுதானே? கொல்லைப்புறத்தைச் சுற்றி வந்தார். தகரக் கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்.

"இந்தக் கதவு எப்பவும் திறந்துதான் இருக்குமா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல... சனிக்கிழமை விடிஞ்சதும் நாம அடுப்பை மூட்டிட்டோம்னா..."

"நாமளா? யாரு நாம?"

எர்வின் நாக்கைக் கடித்துக்கொண்டார். கைமில்லின் கைப்பிடியைப் பிடித்துச் சும்மாவே சுற்றிக்கொண்டு நின்றார். மில் காலியாகக் கடகடத்தது.

யாஸ்னா இரண்டடி பின்வாங்கினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நிபால்டோ கடலில் இருக்கிறான். பக்கத்து வீட்டிலும் ஆள் அரவமில்லை. கையில் போன் மட்டும்தான்.

"ஐயா, இப்பவே வெளிய போயிடுங்க. இல்ல, போலீஸைக் கூப்பிடுவேன்! வந்ததுல இருந்து பாக்கறேன். யாரு இருக்கா, கதவு திறந்திருக்குமான்னு நோட்டம் விட்டுக்கிட்டே இருக்கீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

மில் நின்றது. கிழவர் கம்பளித் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். மழையில் நனைந்த முகம். கண்ணும் நனைந்திருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கல்லீரல் கெட்டுப்போச்சும்மா. பாத்திரத்தை வீட்டுல வச்சுக்கவே ஹில்டா விட மாட்டேங்கறா" என்றார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. "டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு... சனிக்கிழமை வந்து காய்ச்சிட்டு மட்டும் போகட்டுமா?"