இருமல்காரர்களுக்கு வீடில்லை

"வீட்டுல யாருக்காச்சும் இருமல் உண்டா தம்பி?"

வாடகைப் பேச்சை எடுக்கும் முன்பே வீட்டுக்காரி ரஹ்மத் பீவி இதைத்தான் கேட்டாள்.

பொன்னுவேலுக்கு நாயுடுபுரத்தில் இது மூன்றாவது வீடு. முதல் இரண்டு வீட்டிலும் உண்மையைச் சொல்லியிருந்தான். மனைவி முருகம்மாளுக்கு மூச்சு இழுப்பு, குளிர் பட்டால் இருமுவாள் என்று.

"எல்லாரும் இழுப்புன்னுதான் சொல்றாக. கடைசியில காசமா இருக்கும். போய் வேற சோலியப் பாருங்க" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். மற்றவர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பிவிட்டார்.

திண்டுக்கல்லிலிருந்து இந்த மலையூருக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தா அவன். கொட்டுகிற ஐப்பசி மழையிலும் மற்ற பகுதிகளில் கோடை சீசன் வாடகையே சொன்னார்கள். இந்த வீட்டை விட்டால் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்க வேண்டும். அதனால் இந்தத் தடவை முருகம்மாளை டீக்கடையிலேயே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தான்.

"இல்லீங்கம்மா" என்றான்.

"நெசமாத்தானே? நேத்து ஒரு வாத்தியார் ரெண்டு பங்கு வாடகை தர்றேன்னு வந்தாரு. கூட வந்த புள்ள இருமுச்சு. முடியாதுன்னுட்டேன்."

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டான். வாயோ, "என் சம்சாரம் மேல சத்தியமா இல்லீங்கம்மா" என்றது.

சொன்ன பிறகு நாக்கு கசந்தது.

ரஹ்மத் பீவி சாவியை நீட்டினாள். "மூணு வேளையும் அடுப்பு எரியணும் தம்பி. நெருப்பு இல்லாட்டி வீடு ஊறிப் போகும்."

ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு. டீக்கடையிலிருந்து வந்த முருகம்மாள் சுற்றிப் பார்த்தாள்.

"இம்புட்டுக் கம்மி வாடகைக்கா குடுத்தாங்க? அந்தம்மாவுக்குக் கணக்குத் தெரியாதா?"

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுலதான் இருக்காங்க. இருமல் வந்தா வாயைப் பொத்திக்க."

"பொத்தினா நின்னுருமா?" என்று சிரித்தாள். சிரிப்பே இருமலாக மாறியது.

பொழுது சாயும் நேரத்தில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி வாசலை மூடியது. ஈர விறகு புகைந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முருகம்மாள் இருமினாள். நெஞ்சு விசிலடித்தது. பொன்னுவேல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தான்.

வாசலில் ரஹ்மத் பீவி. புதுக்குடித்தனத்துக்கென்று ஒரு சட்டியில் நெருப்புக் கங்கு கொண்டு வந்திருந்தாள்.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சாமானைக் கட்டுங்க" என்றாள்.

பொன்னுவேலுக்கு ஆத்திரம் பொங்கியது. "இந்த மழையிலயா? உண்மையைச் சொன்னா கதவைச் சாத்துறீங்க. பொய் சொன்னா வெளிய தள்ளுறீங்க. நோயாளிய மனுஷியாவே நெனைக்க மாட்டீங்களாம்மா?"

அவள் உள்ளே வந்து பின்சுவரில் உள்ளங்கையை அழுத்தி எடுத்து அவனிடம் காட்டினாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மழை முடியிற வரைக்கும் இது இப்படித்தான் கெடக்கும். திடமான ஆளுங்க தாங்கிக்குவாங்க. இழுப்புக்காரங்களை இது விடாது தம்பி. என் மக ஷம்ஷாத்துக்கும் இழுப்புதான். போன மழைக்கு இந்த ரூம்லதான் படுத்திருந்தா. இங்கயிருந்துதான் தூக்கிட்டுப் போனோம். அதுக்குத்தான் வர்றவங்ககிட்ட எல்லாம் கேக்குறேன்."



ரஹ்மத் பீவி குனிந்து முருகம்மாளின் கையைப் பிடித்தாள். "எந்திரிம்மா. வேற வீடு கெடைக்கிற வரைக்கும் எங்க வீட்டுல இரு. அங்க சுவரு காஞ்சிருக்கு."

முருகம்மாள் மூச்சுக்குத் திணறியபடியே கணவனைப் பார்த்தாள். அவன் தலை கவிழ்ந்திருந்தது. காலையில் அவன் யார்மேல் சத்தியம் செய்தான் என்பது அவளுக்குத் தெரியாது.