பெண்களுக்கான கூட்டம்

அந்த ஆள் மறுபடியும் வந்து வாசலில் நின்றான்.

இசைவாணி பேச்சை நிறுத்தினாள்.

ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சமுதாயக் கூடம். மாதவிடாய்ச் சுகாதாரக் கூட்டம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அவள் சொல்லிப் போனதற்கே, இதையெல்லாமா மைக்கில் கத்துவது என்று சண்டைக்கு வந்தார்கள். செடியிலிருந்து மல்லாட்டைக் கடலை ஆய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்த பெண்கள் இப்போதுதான் கொஞ்சம் வாய் திறந்திருந்தார்கள். துணியை வெயிலில் உலர்த்த இடமில்லை என்று செந்தாமரை என்ற பெண் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அவனைப் பார்த்ததும் எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள்.

"யாரு வீட்டு ஆளுங்க இவரு?" என்று கேட்டாள் இசைவாணி.

"நம்ம ஊரு இல்லீங்க," என்றாள் செந்தாமரை, முந்தானையால் வாயை மூடியபடி.

வெளியே போகச் சொன்னால் போவான். சற்று நேரத்தில் ஜன்னலில் தலை தெரியும். வேடிக்கை பார்க்க வந்தவனா, யாராவது வேவு பார்க்க அனுப்பினார்களா?

நாப்கினை விரித்துக் காட்ட எடுத்தவள் அப்படியே பைக்குள் திணித்தாள். எப்படி வைப்பது, எப்போது மாற்றுவது, எங்கே போடுவது, எதையும் சொல்லவில்லை. முருங்கைக்கீரை, கேப்பைக் கூழ் என்று ஏதோ பேசி முடித்துக்கொண்டாள். பெண்கள் கலைந்து போனார்கள்.

இத்தனை நாள் அலைச்சலும் வீண். அழுகையும் ஆத்திரமுமாக நேரே அவனிடம் போனாள்.

"பொம்பளைங்க கூட்டத்துல உங்களுக்கு என்னாங்க வேலை? உங்களால எல்லாமே பேஜாராப் போச்சு."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கோச்சிக்காதீங்க மேடம். எம் பொண்ணு நேத்து பெரியவளாயிட்டா. ஏழாவது படிக்குது. அவங்கம்மா உயிரோட இல்ல. எங்கக்காகிட்ட சொன்னா ஸ்கூல நிறுத்திட்டு மாப்ள பாக்க ஆரம்பிச்சிடும். அதான் யார்கிட்டயும் சொல்லல. நானே கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

அவள் கையிலிருந்த பையைப் பார்த்தபடி சொன்னான்.

"எப்பிடி வெக்கிறதுன்னு காட்டப் போனீங்க. என்னப் பாத்துட்டு வுட்டுட்டீங்க."

பைக்குள் திணித்த நாப்கினை இசைவாணி மறுபடி வெளியே எடுத்தாள்.

"உள்ள வந்து உக்காருங்கண்ணா," என்றாள்.