சப்வூஃபரின் முதல் பாட்டு

ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் சின்ன ஸ்பீக்கர்கள், இரட்டைப் பிறவிகள். மூன்றாவது ஆள், அடித்தாளம் முழக்கும் கனத்த சப்வூஃபர்.

தாமரைச்செல்வி சின்னவர்களைக் கம்ப்யூட்டருக்கு இரு பக்கமும் வைத்தாள். சப்வூஃபரை மேசைக்கு அடியில் தள்ளி, இருவருடைய வயரையும் அதன் முதுகில் செருகினாள். அங்கிருந்து இன்னொரு வயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

“நமக்கு ஜன்னல் பக்கம், அண்ணனுக்குச் செருப்புப் பக்கம்!” என்று இடது ஸ்பீக்கர் சிரித்தது.

“பாட வேண்டியது நாமதானே!” என்றது வலது.



பாட்டு தொடங்கியது. சின்னவர்கள் உயிரைக் கொடுத்துப் பாடினார்கள். தாமரைச்செல்வி தலையாட்டி ரசித்தாள். தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த அவள் மகள் நிறைமதி மட்டும் நிமிரவே இல்லை.

“நம்ம பாட்டு பிடிக்கலையோ?” என்றது இடது.

“அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது,” என்றது கம்ப்யூட்டர்.

அந்த நேரம் பாட்டில் பறை வந்தது. சப்வூஃபர் தன் முழு பலத்தோடும் முழங்கியது. தரை அதிர்ந்தது.

நிறைமதி பென்சிலைப் போட்டுவிட்டு உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். அவள் கண்கள் விரிந்தன. துள்ளி எழுந்து, வெறுங்காலோடு, ஓர் அடிகூடத் தப்பாமல் ஆட ஆரம்பித்தாள். தாமரைச்செல்வி ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு கூடவே ஆடினாள்.

“அண்ணே, நிறுத்திடாதீங்க!” என்று மேலேயிருந்து இருவரும் கத்தினார்கள். “நாங்க மெதுவாப் பாடிக்கிறோம், நீங்க அடிங்க!”