துரைக்கு வைத்த கோழி

துரை சுட்ட காட்டுக்கோழிகளை மாளிகையின் பின்கட்டில் வேலைக்காரிகள் இஷ்பெலும் கிர்ஸ்டியும் சுத்தம் செய்கிறார்கள். ஹைலேண்ட் மலைநாட்டு வெயிலில் சூடே இல்லை. குண்டு துளைத்த இடத்தில் ஓர் இறகும் உள்ளே போயிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் ஈயக்குண்டு கூடவே வரும். தகரக் கிண்ணத்தில் டிங், டிங். கடைசிக் கோழி துரையின் தட்டுக்குப் போவது. அதில் ஒரு குண்டு விடாமல் எடுத்த இஷ்பெல், ஏப்ரன் பையிலிருந்து ரத்தம் காய்ந்த வேறொரு குண்டை எடுத்து நெஞ்சுக்கறிக்குள் கட்டைவிரலால் அழுத்துகிறாள். துளை தெரியாதபடி தோலை இழுத்து மெல்லத் தடவிவிடுகிறாள். "அடிப்பாவி! அவரு பல்லு போயிரும்டி!" என்று கிர்ஸ்டி பதறுகிறாள். "போகட்டும். கோழியத் தொரத்துச்சுன்னு என் நாயைச் சுட்டாரே, அது வயித்துலேர்ந்து தோண்டி எடுத்தது. அவரு குண்டு, அவருக்கே போய்ச் சேரட்டும்."