சாக்கின்மேல் ஒன்பது கத்திரிக்காய்

"ஏம்மா, காய் விக்க வந்தீங்களா, காய்க்குக் காவல் இருக்க வந்தீங்களா?"

டீச்சர் கேட்டதில் நியாயம் இருந்தது. தங்கமாரியின் சாக்கின்மேல் இருந்தது மொத்தமே ஒன்பது கத்திரிக்காய். அதையும் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் காலையிலிருந்து கையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மணிக்கு மேல வாங்க டீச்சர். தாரேன்."

"கோணலும் மாணலுமா இருக்கு. இதுக்கு நேரம் காலம் வேறயா?"

தங்கமாரிக்குச் சுருக்கென்றது. ஒரு காயை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள்.

"கோணல்தான். ஐப்பசி வரைக்கும் சொட்டு மழை இல்ல. குடத்துல தூக்கித் தூக்கி ஊத்துனேன். கார்த்திகையில கொட்டுன கொட்டுல கரிசல்ல பத்து நாளு தண்ணி நின்னு அத்தனையும் வேரழுகிப் போச்சு. வெண்டை, அவரை, மொளகா, ஒண்ணும் மிஞ்சல. மிஞ்சினது மூணே மூணு கத்திரிச்செடி. வெயிலையும் தாங்கி, வெள்ளத்தையும் தாங்கிக் காய்ச்ச காயி இது. கோணலப் பாக்காதீக, கொழம்புல போட்டுப் பாருங்க."

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. திருச்சுழிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆன டீச்சர், சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

சந்தைக் குத்தகை இந்த வருடம் கை மாறியிருந்தது. கடை போடும் இடங்களுக்குச் சீட்டு எழுதுவதற்குப் புதிதாக வந்த மதன்குமார் கறாரான ஆள். காலையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போகிற கதையெல்லாம் அவனிடம் நடக்காது. நாலு மணிக்கு அவன் வரும்போது சாக்கில் சரக்கும் இருக்க வேண்டும், பக்கத்தில் யாராவது ஓர் ஆளும் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் சீட்டு விழாத இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வேப்பமரத்து நிழலில் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டு வாரமாகச் சீட்டு விழவில்லை. இது மூன்றாவது வாரம். பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் ஒருவன், குடங்களை அடுக்கிவைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து பக்கத்திலேயே நின்றான்.

அந்தச் சந்தையில் கத்திரிக்காய் என்றால் இரண்டே பேர்தான். பரளச்சித் தங்கமாரி, எம்.ரெட்டியபட்டிக் கருத்தம்மாள். பாதைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தி விலை சொன்னால் மற்றவள் ஒரு ரூபாய் குறைத்துக் கூவுவாள். இருபது வருடமாக நேருக்கு நேர் பேச்சு கிடையாது. இன்றைக்கு எதிர்ப்பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது.

அடுத்த சாக்கில் வெங்காயம் விற்கும் ரத்தினம் கருத்தம்மாளின் ஊர்க்காரர். காலையிலிருந்து தங்கமாரியை ஒரு தினுசாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருத்தம்மாளுக்கு ஒரு செடிகூட மிஞ்சல. தெரியும்ல?"

"கேள்விப்பட்டேன்ணே."

"வெறுங்கையோட சந்தைக்கு வர மாட்டேன்னு வீட்டுக்குள்ளயே கெடக்கா."

"அவளுக்கு ரோசம் சாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் தங்கமாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ரத்தினம் முகத்தைச் சுளித்தார்.

மூன்றரை மணிக்குக் குடக்காரன் பொறுமை இழந்தான்.

"அக்கா, ஒம்பதையும் நானே எடுத்துக்கிறேன். ரெட்டை வெலை தாரேன். பொழுது சாயறதுக்கு முன்னாடி வீடு போய்ச் சேருங்க."

"நீ பத்து மடங்கு குடுத்தாலும் ஒனக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

"நாலு மணிக்கு மேல வாரவுகளுக்கு."

அவள் இவனிடம் வாய் கொடுத்த நேரம் பார்த்து ஆடு ஒன்று வந்து ஒரு காயைக் கவ்விக்கொண்டு ஓடியது. தங்கமாரி பதறிப்போய் மிச்சத்தை மடிக்குள் அள்ளி, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி சாக்கில் வைத்தாள்.

நாலு மணிக்கு மதன்குமார் வந்து நின்றான். குடக்காரன் அவன் காதில் ஏதோ சொன்னான்.

"ஏக்கா, எட்டுக் காயி. இதுக்கு ஒரு எடமா?"

"எட்டுக் காயி சரக்கு இல்லைன்னு சட்டம் இருக்கா தம்பி? இந்த வருசத்துல எட்டுக் காயி காய்க்க வச்ச ஆளு சந்தையில வேற யாரு இருக்கா, காட்டுங்க."

மதன்குமார் தலையைச் சொறிந்தான். சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டினான். "பதினாலாம் நம்பர் எடம். சரி, யாரு பேருல எழுத?"

"கருத்தம்மாள், எம்.ரெட்டியபட்டி" என்றாள் தங்கமாரி. "பேரு தெளிவா விழுகட்டும் தம்பி."

குடக்காரன் குடங்களைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். ரத்தினம் வெங்காயத்தை விட்டுவிட்டு எழுந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"அவ எடத்தப் பிடிக்க வந்துட்டியோன்னு நெனச்சுட்டேனே தாயி. எதுத்தாப்புல ஒன் எடம் காலியாக் கெடக்கே?"

"எனக்குப் போன வாரமே சீட்டு விழுந்துருச்சுண்ணே. ஒரு வாரம் போனா ஒண்ணும் ஆகாது." சீட்டை மடித்து அவர் கையில் வைத்தாள். "இத அவகிட்டக் குடுத்துருங்க, நான் குடுத்தா வாங்க மாட்டா. ஒத்தக் காயி காய்ச்சாலும் கொண்டாந்து எனக்கு எதுத்தாப்புல உக்காரச் சொல்லுங்க. அவ இல்லாத சந்தையில நான் மட்டும் வித்துட்டு, யாரை ஜெயிச்சேன்னு ஊருல போயிச் சொல்லுவேன்?"