சுவரில் நிற்கும் புள்ளி

பிற்பகல் வெயில் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் கிடக்கிறது. பச்சைத் துணியில் இரண்டு பிஸ்டல்கள். போன வருஷம் பீன்யா தொழிற்பேட்டையில், சொந்தப் பட்டறை வாசலிலேயே, பார்கவியின் கணவன் கேசவை யாரோ வெட்டிக் கொன்றார்கள். பூட்டிக் கிடக்கும் அந்தப் பட்டறையை நாளை அவள் திறக்கப்போகிறாள். லைசென்ஸ் நேற்றுதான் கைக்கு வந்தது. சின்ன பிஸ்டலை எடுத்துப் பார்த்து வைத்துவிடுகிறாள். பெரியது உள்ளங்கையில் சரியாக உட்காருகிறது. கடைக்காரர் கோவிந்தப்பா அதை வாங்கி, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டுகிறார். மேலே தீப்பெட்டியைவிடச் சிறிய, குறிபார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பொருத்தித் திருகாணியை முடுக்கி அவளிடம் தருகிறார்.

“சொல்ப... கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க மேடம். ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். ரேஞ்ச்ல சுட்டு சரிபண்ணிட்டா, செவப்புப் புள்ளி நிக்கிற எடத்துக்கே குண்டு போகும்.”

அவள் எதிர்ச்சுவரை நோக்கி நீட்டுகிறாள். வெளியே ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தபடி போகிறது. கண்ணாடிக்குள் புள்ளி அசையவில்லை.

“மொதல் தடவை எல்லாருக்கும் கை ஆடும். உங்களுக்கு ஆடவே இல்லையே!”

“அன்னைக்கு ஆஸ்பத்திரில அவர் உடம்ப வாங்கக் கையெழுத்து போட்டப்பவும் ஆடல சார்,” என்கிறாள் பார்கவி.

நீட்டிய கையை இறக்க அவளுக்குத் தோன்றவில்லை. கோவிந்தப்பாதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து பிஸ்டலை வாங்குகிறார்.