அவருடைய படம்

அவரவர் மனதுக்கு ஏற்றபடி வீட்டுத் திரையே தினமும் புதுப் படம் எடுத்துக் கொடுத்த காலம். உறையூரில் கயற்கண்ணியும் அவள் கணவன் பூவராகனும் ஆளுக்கொரு திரையில் ஆளுக்கொரு படம் பார்த்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. உனக்கு?"

"எனக்கும்தான்."

ஒன்பது வருடமாக அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிறு மதியம் கயற்கண்ணி தன் திரையை அணைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் படத்தை முழுக்கப் பார்த்தாள்.

"ஹீரோ சரியான அசடுங்க. கையில வந்த லெட்டரப் பிரிக்க இடைவேளை வரைக்கும் யோசிக்கிறான்!"

பூவராகன் திகைத்தான். அவன் படத்தை யாரும் குறை சொன்னதே இல்லை.

"உள்ள 'பிடிக்கல'ன்னு எழுதியிருந்தா? பயமா இருக்காதா?" என்று ஹீரோவுக்காகச் சண்டைக்குப் போனான்.

கயற்கண்ணி அவனை உற்றுப் பார்த்தாள். "அதான் என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போயி, மூணு மாசம் பதிலே கேக்காம இருந்தீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

"நான் தினம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன், அசடு!"

அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"சரி, இப்ப உன் படத்தப் போடு. நானும் குறை சொல்லணும்."

கயற்கண்ணிக்கு முகமெல்லாம் சிவந்தது. ஆனாலும் எழுந்து போய்த் தன் திரையைப் போட்டாள்.